ஆஸ்பத்திரியைச் சுற்றியே ஓட்டிய எட்டு மாதங்கள்

முதல் முறை அது வந்தபோது ஸ்டியரிங் என் கையில் இல்லை.

எங்கள் தீவின் ஜெலுத்தோங் பகுதியில் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். என் இடம் ஓட்டுபவருக்கு இடப்பக்கத்து இருக்கை. காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டிக்கொண்டிருந்தவர் சபூரா அக்கா. ஐம்பத்திரண்டு வயது. கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. வாரம் இரண்டு முறை அவரைப் பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். மகன்கள் இருவரும் சிங்கப்பூரில். "எத்தன நாளைக்குத்தான் அடுத்தவங்க காடிக்குக் காத்து நிக்கிறது? நானே ஓட்டிக்கிறேன்லா" என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவர். எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பேச்சு. அன்று அவருக்கு மூன்றாவது வகுப்பு.

பேராக் ரோட்டு டிராபிக் லைட்டில் நின்றிருந்தோம். காரணம் எதுவும் இல்லை. சண்டை இல்லை, கெட்ட செய்தி இல்லை, காலையில் தோசைகூடச் சாப்பிட்டிருந்தேன். திடீரென்று நெஞ்சை யாரோ ஈரத்துணி மாதிரி முறுக்கினார்கள். இதயம் தொண்டைக்கு ஏறி அடித்தது. காற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், போதவில்லை. உதட்டைச் சுற்றி ஊசி குத்தியது. பிறகு என் இரண்டு கைகளின் விரல்களும் தாமாகவே உள்பக்கம் மடங்கிக்கொண்டன. விரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

செத்துப்போவேனோ என்று நான் பயப்படவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த நிச்சயத்தை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, எனக்கு முடியல. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"யாரு, நானா?"

"நீங்கதானே ஸ்டியரிங்ல இருக்கீங்க."

"டீச்சர், எனக்கு இன்னும் வலப்பக்கம் திரும்பத் தெரியாதே!"

அன்று அவர் வலப்பக்கம் மூன்று முறை திரும்பினார். சிக்னல் விளக்குக்குப் பதிலாக வைப்பரைப் போட்டுவிட்டு அதை நிறுத்தத் தெரியாமல், கொளுத்தும் வெயிலில் காய்ந்த கண்ணாடியை அது தேய்த்துக்கொண்டே வர, வாய் ஓயாமல் ஓதிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு சக்கரம் நடைபாதை மேல் ஏறியிருந்தது.

சக்கர நாற்காலியில் என்னை உள்ளே தள்ளினார்கள். நெஞ்சிலும் கைகால்களிலும் பசை ஒட்டுகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு தாளில் கோடாக வரைந்து காட்டும் பரிசோதனை அது. கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு வந்தால் இதயத் தசையிலிருந்து ஒரு புரதம் இரத்தத்தில் கசியுமாம். அது உடனே தெரியாமலும் போகலாம் என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை மஞ்சள் கோடு போட்ட பகுதியில் ஒரு கட்டிலில் படுத்திருந்தேன். சபூரா அக்கா என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருந்தார்.

என் கணவர் குமரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து நீலச் சீருடையோடு ஓடிவந்தார். நெஞ்சில் தொங்கிய அட்டையைக் கழற்றக்கூட மறந்திருந்தார். என் மடங்கிய விரல்கள் அதற்குள் விரிந்துவிட்டன. ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

மாலையில் இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். இரண்டு இரத்தப் பரிசோதனையும் சரி, ஈசிஜி சரி, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. இதயம் நன்றாக இருக்கிறது, பதற்றமாக இருக்கலாம், மறுபடி வந்தால் கிளினிக்கில் காட்டுங்கள், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அதற்குக் காரணம் என் அண்ணன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஒன்னும் இல்லலா, வெறும் காத்துதான்" என்றார். இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தவள் நான். அடுத்த நாள் விடிவதற்குள் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. எனக்கு இப்போது நாற்பத்தைந்து. 'ஒன்றும் இல்லை' என்று யார் சொன்னாலும் என் காதில் அது அண்ணன் குரலில்தான் விழுந்தது.

அடுத்த மூன்று வாரத்தில் நான்கு முறை வந்தது. பசாரில் மீன் வாங்க நின்ற வரிசையில் ஒருமுறை. மகள் யாழினியின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை. சமையலறையில், வெங்காயம் நறுக்கும்போது ஒருமுறை. பிறகு குளித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது. அதில் மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடினோம். மூன்றாவது முறை போனபோது அங்கிருந்த தமிழ் மிஸ்ஸி, எங்கள் ஊரில் தாதியரை அப்படித்தான் கூப்பிடுவோம், என்னைப் பார்த்ததுமே ஒட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "வாங்கக்கா, எடம் தெரியும்தானே" என்றாள். கேலி இல்லை அதில். ஆனாலும் எனக்குக் கூசியது.

எல்லாப் பரிசோதனையும் செய்தேன். நடைப்பட்டை மேல் வேகவேகமாக நடக்கவைத்து இதயம் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தாலும் இப்படிப் படபடக்கும் என்று அதற்கும் இரத்தம் எடுத்தார்கள். எக்கோ எனப்படும் ஒலி அலைப் பரிசோதனைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் போய்ச் செய்துகொண்டேன். யாழினியின் விடுமுறைப் பயணத்துக்குச் சேர்த்துவைத்திருந்தது அதில் போனது. திரையில் என் இதயம் திறந்து மூடுவதை நானே பார்த்தேன். அழகாகத்தான் துடித்தது. வீடு வந்து சேர்வதற்குள், 'அந்த இயந்திரம் சரியாக இருந்திருக்குமா?' என்ற யோசனை வந்துவிட்டது.

பிறகு நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானாகவே வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டேன்.

எந்தச் சாலையைப் பார்த்தாலும், இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம் என்பதுதான் முதல் கணக்கு. ஐந்து நிமிடம் என்றால் போவேன். பத்து நிமிடம் என்றால் யோசிப்பேன். பாயா தெருபோங் மலைச்சாலை, கடலோர நெடுஞ்சாலை, எங்கள் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் கடல் பாலம், மூன்றும் என் வரைபடத்திலிருந்தே அழிந்துபோயின. கைப்பையில் தண்ணீர் போத்தல், தலைவலி மாத்திரை, ஈரத்துண்டு, முழுதாகச் சார்ஜ் செய்த தொலைபேசி. பக்கத்தில் குமரன் இல்லாமல் கடைக்குக்கூடப் போவதில்லை.

தாசேக் கெலுகோரில் என் தங்கை கலா புதுவீடு கட்டிக் குடிபோனாள். பாலத்தைத் தாண்டினால்தான் அந்தப் பக்கம். "அன்னிக்குப் பசங்களுக்கு லைசன்ஸ் டெஸ்ட் இருக்கும்மா, வர முடியாது" என்று பொய் சொன்னேன். இருந்த ஒரே அண்ணனும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். அவள், "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவளாகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

பள்ளி முதலாளியிடம் மூச்சு விடவில்லை. நெஞ்சு படபடக்கும் பயிற்சியாளரை யார் வைத்துக்கொள்வார்கள்? வகுப்புகளை எப்படியோ ஓட்டினேன். சபூரா அக்காவின் தேர்வு நாள் வந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் இடத்தில் கார் பின்னால் உருண்டுவிட்டது. ஃபெயில்.

அது யார் தப்பு என்று எனக்குத் தெரியும். பயிற்சி மைதானத்துச் செயற்கை மேட்டைத் தவிர வேறு ஏற்றத்தையே நான் அவருக்குக் காட்டவில்லை. முந்தைய மாணவர்களை ஓரிரு முறையாவது மலைச்சாலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். இவரை ஒருமுறைகூட இல்லை.

மறுபடி வகுப்பு தொடங்கிய அன்று, அவர் ஓட்டிக்கொண்டே கேட்டார். "டீச்சர், நான் ஃபெயிலானது இருக்கட்டும். ஒன்னு கேக்கணும். தப்பா நெனக்காதீங்க."

"கேளுங்கக்கா."

"நாம ஏன் எப்பப் பாத்தாலும் இந்த ஆஸ்பத்திரியையே சுத்திக்கிட்டு இருக்கோம்?"

ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சிக்னலை ஒழுங்காகப் போட்டுத்தான் நிறுத்தினார். அழுகையை அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். விரல் மடங்கியது, அண்ணன், பரிசோதனைகள், நிமிடக் கணக்கு, கலாவிடம் சொன்ன பொய்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அப்ப அது என்னால இல்லியா?" என்றார்.

"எது?"

"அன்னிக்கு ஒங்களுக்கு நெஞ்சு வலிச்சது. நான் ஓட்டுன அழகப் பாத்துத்தான் ஒங்களுக்கு அப்படி ஆச்சுன்னு நெனச்சேன். மூணு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன் டீச்சர்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சாலையோரத்தில் எல் அட்டை ஒட்டிய காருக்குள் இரண்டு பெண்கள் கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், மாதக்கணக்கில் நான் இப்படி ஆழமாக மூச்சு விட்டதில்லை. அந்த வாரமே கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு மனநல மருத்துவப் பிரிவுக்குப் போனேன்.

அந்தக் காத்திருப்பு அறையைப் பற்றி எனக்கு இருந்த பயம் பெரிது. யாராவது பார்த்துவிட்டால்? செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "டீச்சர்!" என்று அறையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் ஓட்டக் கற்ற தம்பி, இப்போது வங்கியில் வேலை. "நீங்களுமா? அந்த நாலாம் நம்பர் ரூம் டாக்டர் நல்லாப் பேசுவாங்க டீச்சர், அவங்ககிட்ட கெடச்சா விட்றாதீங்க" என்றான், ஏதோ நல்ல சாப்பாட்டுக் கடையைக் காட்டுவது போல. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

நாலாம் நம்பர் டாக்டர் நூருல். என் கோப்பைப் புரட்டிவிட்டு, "இதயத்தை எத்தனை முறை பார்த்துவிட்டார்கள்?" என்று கேட்டார்.

"ஆறு முறை."

"ஏழாவது முறை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா?"

கொஞ்சம் யோசித்து, "மாட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினார். அந்த நேர்மைதான் வேண்டும் என்பது போல.

இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர், தமிழில் பீதித் தாக்குதல் என்று சொல்லலாம். அவர் மலாயில் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும். எனக்கு ஆபத்து எதுவும் இல்லாதபோதே அந்த ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடு ஊசி குத்துவதும் விரல் மடங்குவதும் அதனால்தான். 'சாகிறேன்' என்ற எண்ணம் அந்தப் படபடப்பை இன்னும் ஏற்றும். பயங்கரமாக இருக்கும், ஆனால் தானாக உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும்.

"நான் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை" என்றார். "இருக்கிறது. அதற்கு வைத்தியமும் இருக்கிறது."

அந்த முதல் வாக்கியத்துக்காகத்தான் அத்தனை மாதம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு மாத்திரை, மிகக் குறைந்த அளவில். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். அப்படியே ஆயிற்று. முதல் பத்து நாள் குமட்டலும் படபடப்புமாக இருந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன்.

மாத்திரையோடு, உளவியல் நிபுணர் தேவியிடம் வாரம் ஒருமுறை. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பயத்தை மறக்கும் வழி சொல்லித்தருவாள் என்று போனால், அவள் மேசையிலிருந்து ஒரு ஸ்ட்ராவை எடுத்து நீட்டினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அதன் வழியாகவே மூச்சு விட வேண்டுமாம். பிறகு சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டாள். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னாள். மூச்சு முட்டல், தலைசுற்றல், படபடப்பு, நான் எதிலிருந்தெல்லாம் தப்பி ஓடினேனோ அத்தனையையும் வேண்டுமென்றே வரவழைத்தாள்.

"இப்ப நெஞ்சு எப்படி அடிக்குதுக்கா?"

"பயங்கரமா."

"சாகப்போறீங்களா?"

"இல்ல. சுத்துனதுனால அடிக்குது."

"அது ஒடம்புக்குத் தெரியணும். தெனமும் வீட்டுல செய்யுங்க."

வீட்டில் நான் தனியாக ஸ்ட்ராவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாழினியும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "ம்மா, இது கஷ்டமா இருக்கும்மா!" என்று அரை நிமிடத்தில் மூக்கை விட்டுவிட்டாள். தினமும் மாலையில் என்னோடு உட்கார்வது அவள் வழக்கமாகிவிட்டது. அவளுக்குத் தேர்வு வருடம், புத்தகம் மடியில் இருக்கும், வாயில் ஸ்ட்ரா இருக்கும்.

எல்லாரையும்விடக் கடினமான வேலை குமரனுக்குத்தான். ஒருநாள் தேவி அவரையும் அழைத்துப் பேசினாள். எனக்கு வரும்போதெல்லாம் அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, நான் நிஜமாகவே சாகப்போகிறேன் என்று என் உடம்புக்குச் சொல்வது போல ஆகிறதாம். புதிதாக வேறு ஏதாவது தெரிந்தால் ஒழிய, இனிப் பத்து நிமிடமாவது கூட இருந்தால் போதும் என்றாள். டாக்டர் நூருலும் அதையேதான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். "காடிய எடுங்க! என்னங்க, காடிய எடுங்க!" என்று கத்தினேன். அவர் என் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தார்.

"பத்து நிமிஷம் விமலா."

"நான் செத்தா என்ன செய்வீங்க?"

"பத்து நிமிஷம் இரு. நான் எங்கயும் போகல."

கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன் அவரை. அவர் அசையவில்லை. பத்து நிமிடம் தேவைப்படவில்லை. அது ஏறியது, உச்சியில் நின்றது, நான் எதுவும் செய்யாமலே இறங்கத் தொடங்கியது. என் வாழ்க்கையில் முதல் முறையாக அது இறங்குவதை நான் கண் திறந்து பார்த்தேன். பிறகு குமரனைப் பார்த்தேன். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார். வெளியே எடுத்தபோது கார் சாவி இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் அதன் பல் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு விட்ட சாலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தேன். எளிதானதிலிருந்து கடினமானதற்கு ஒரு பட்டியல் எழுதவைத்தாள் தேவி. தண்ணீர் போத்தல் இல்லாமல் கடைக்கு. குமரன் இல்லாமல் பசாருக்கு. பிறகு சபூரா அக்காவோடு பாயா தெருபோங் மலைச்சாலை. ஏற்றத்தில் கார் நின்றபோது எனக்குப் படபடப்பு ஏறியது. "அக்கா, எனக்கு வருது. நீங்க ஓட்டுங்க" என்றேன். "எனக்கும்தான் வருது டீச்சர்" என்று சொல்லி, ஹேண்ட்பிரேக்கை விட்டு, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் எடுத்தார். இரண்டாவது தேர்வில் பாஸ். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். டாக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு, "எம்பொண்டாட்டிக்கும் இது இருக்கு. எந்த டாக்டரு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதும் வருகிறது. மாதத்தில் ஒருமுறை, சில மாதம் அதுவும் இல்லை. மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி வந்தால், இதயத்தை ஒருமுறை ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது நன்றாக இருந்தால், அங்கேயே நின்றுவிடாமல் அடுத்த வாசலுக்கும் போங்கள். நான் தாமதித்தது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

பட்டியலில் கடைசியாக இருந்தது பாலம். எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை, யாருக்கும் சொல்லாமல், நான் மட்டும் கிளம்பினேன். நடுப்பாலத்தில் லாரி ஒன்று பழுதாகி எல்லா வண்டியும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல். திரும்ப முடியாது, இறங்க முடியாது. வந்தது. முழுதாக வந்தது. விரல்கள் ஸ்டியரிங்கிலேயே மடங்கின. வரட்டும் என்று விட்டேன். வானொலியில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதையும் நிறுத்தவில்லை. வண்டிகள் நகர்ந்தன. நானும் நகர்ந்தேன். பாலத்தின் அக்கரையில் இருக்கும் பிறை ஊரைத் தொட்டபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, பசித்தது.

தாசேக் கெலுகோரில் கலாவின் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

உள்ளே போய், புது வீட்டின் புதுச் சோபாவில் உட்கார்ந்து, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்ட் என்று சொன்ன பொய்யையும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டவள், அண்ணன் பேச்சு வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள்.

"இன்னிக்கு வரும்போது வந்துச்சாக்கா?"

"வந்துச்சு. நடுப்பாலத்துல."

"ஐயோ! அப்புறம்?"

"அப்புறம் பிறை வந்துச்சு."